தாத்தாவின் ஸ்டாம்ப் ஆல்பம்: படத்தை விட்டு முத்திரையைப் படியுங்கள்

ராயபுரத்திலோ வியாசர்பாடியிலோ பரணை ஒழிக்கும்போது பழைய ஸ்டாம்ப் ஆல்பம் கிடைத்தால், உடனே நாடுவாரியாகப் பிரித்து அடுக்கக் கை பரபரக்கும். பொறுங்கள். எதற்குப் பக்கத்தில் எது ஒட்டியிருக்கிறது என்பதும் குடும்பக் கதைக்குத் தடயம்தான். முதலில் பக்கம் பக்கமாக, இருந்தபடியே ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கேனரில் துல்லிய அளவு 600 டிபிஐ போதும். உறையோடு இருக்கும் ஸ்டாம்பை ஊறவைத்து உரிக்கவே கூடாது. உரித்தால் மிஞ்சுவது ராஜா தலை மட்டும். முகவரி, கையெழுத்து எல்லாம் குப்பைக்குப் போய்விடும்.

ஸ்டாம்ப் மேல் விழுந்த முத்திரை அனுப்பிய ஊரைச் சொல்லும். உறையைத் திருப்பினால், பல பழைய தபால்களில் பட்டுவாடா செய்த தபால் நிலையத்தின் முத்திரையும் இருக்கும். இரண்டையும் தேதிவாரியாக ஒரு நோட்டில் எழுதிவந்தால், வீடு மாறிய ஆண்டு தானாகத் தெரியும். முகவரியில் ‘மெட்ராஸ்-13’ என்றிருந்தால் அது ராயபுரம். 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு வந்தபோது அதுவே 600013 ஆனது. தேதி அழிந்துபோயிருந்தால் விலையைப் பாருங்கள்: இந்திய ஸ்டாம்பில் ‘நயா பைசா’ இருந்தால் தபால் 1957 ஏப்ரல் 1-க்கு முந்தையது அல்ல.

வடசென்னையில் பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் ஏராளம். அவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். 1937 ஏப்ரல் 1 வரை பர்மாவில் புழங்கியது இந்திய ஸ்டாம்ப். எனவே ‘இந்தியா’ பக்கத்தில் கிடக்கும் ஜார்ஜ் மன்னர் தலைகளை 10 மடங்கு லென்ஸில் பாருங்கள். முத்திரை வட்டத்தின் ஓரத்தில் ரங்கூன், மோல்மீன் என்று பர்மா ஊர்ப்பெயர் ஆங்கிலத்தில் பாதி எழுத்தாவது தென்படலாம். அதன்பிறகு, இந்திய ஸ்டாம்ப் மேலேயே ‘பர்மா’ என்று அச்சடித்து விட்டார்கள். 1942 முதல் 1945 வரை கடிதமே இல்லையென்றால் பதற வேண்டாம், அது ஜப்பானியர் ஆட்சிக்காலம். 1964 வாக்கில் ரங்கூன் முத்திரை நின்று உள்ளூர் முத்திரை தொடங்கினால், கப்பலேறிய காலம் ஏறக்குறைய அதுதான்.

ஆனால் பர்மா ஸ்டாம்ப் இருப்பதாலேயே தாத்தா அங்கே இருந்தார் என்று முடிவுகட்டாதீர்கள். கடையில் பாக்கெட்டாக விற்றதை வாங்கியிருப்பார். பின்பக்கம் கோந்து அப்படியே இருந்து, முத்திரை மட்டும் ஒரு மூலையில் அச்சுப்போல் சுத்தமாக விழுந்திருந்தால், அது பெரும்பாலும் தபாலில் போகாத ஸ்டாம்ப். ஒரே ஊர், வெவ்வேறு தேதி, மூன்று நான்கு முத்திரை என்றால்தான் நம்பலாம்.

கடற்காற்று ஈரத்தில் ஸ்டாம்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிய்க்காமல், கவரில் போட்டு ஃப்ரீசரில் சில மணி நேரம் வைத்தால் பல சமயம் கோந்து விட்டுக்கொடுக்கும். செலோடேப், லேமினேஷன், பிவிசி உறை மூன்றும் வேண்டாம். பீரோவில் சிலிக்கா ஜெல் போட்டுவையுங்கள்.

கடைசியாக, வீட்டுப் பெரியவர்களிடம் உறையின் கையெழுத்தைக் காட்டி யாருடையது என்று கேளுங்கள். அசலைக் கொடுக்காமல் பெரிதாக்கிய ஜெராக்ஸைக் கொடுங்கள். எச்சில் தொட்டுப் புரட்டுகிற பழக்கம் பலருக்கு உண்டு.