வாய்ஸ் சாட் போட்டதும் திசை காணாமல் போனது

திரையைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் வைத்து ஆடும் ஆடியோ கேமைத் தனியாக ஆடும்போது ஒரு பிரச்சினையும் இல்லை. காலடிச் சத்தம் இடது காதில் கேட்டால் இடப்பக்கம் திரும்பி, இரண்டு காதிலும் சமமாக வரும்வரை நகர்ந்து, சுட வேண்டியதுதான். நண்பனோடு ஆன்லைனில் சேர்ந்து ஆட ஆரம்பித்ததும் எல்லாம் போச்சு. வாய்ஸ் சாட்டில் நுழைந்த நொடியிலேயே இடம் வலம் எதுவும் இல்லாமல், பழைய ரேடியோ மாதிரி எல்லாச் சத்தமும் மண்டைக்கு நடுவில் கேட்கும். நான் செத்துக்கொண்டே இருப்பேன், அவன் சிரித்துக்கொண்டே இருப்பான்.

முதலில் நெட்டைத் திட்டினேன். கேமை அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்தேன். வீண்.

காரணம் ப்ளூடூத் ஹெட்செட். அதன் மைக் திறந்ததும் ஸ்டீரியோவை விட்டுவிட்டு, போன் பேசுவதற்கான மோனோ முறைக்கு மாறிவிடுகிறது, 44.1 கிலோஹெர்ட்ஸில் வந்த ஒலி 8 அல்லது 16க்கு இறங்கிவிடும். பார்த்து ஆடுபவர்களுக்கு இது சின்ன எரிச்சல், காதால் ஆடும் நமக்கோ திரையையே அணைத்த மாதிரி.

வயர் ஹெட்போன் மாட்டி, மைக்குக்கு லேப்டாப்பில் இருப்பதையே தேர்ந்தெடுத்தேன். திசை திரும்பி வந்தது, ஆனால் சாட் ஓடிக்கொண்டிருக்கும்வரை கேம் சத்தம் அமுங்கியே கிடந்தது. விண்டோஸ் சவுண்ட் கண்ட்ரோல் பேனலில் கம்யூனிகேஷன்ஸ் டேப்பைத் திறந்தால், மற்ற சத்தங்களை 80 சதவீதம் குறைக்கும்படி இருந்தது. ஒன்றும் செய்ய வேண்டாம் என்று மாற்றினேன். அப்புறம் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருள் பேசும்போதும் கேம் சத்தம் குறைந்தால், என்விடிஏ கீயோடு (வழக்கமாக இன்சர்ட்) ஷிப்ட், டி அழுத்தி அதையும் நிறுத்திவிடலாம்.

இப்போது அவன்தான் அதிகம் சாகிறான்.