அகராதிப் புளுகு: யாருக்கும் தெரியாத ஆங்கிலச் சொல்லை வைத்து ஓர் ஆட்டம்

நம் ஊரில் நாலு பேர் கூடிய இடத்தில் ஆங்கிலம் நுழைந்தால் இரண்டு பேர் பேசுவார்கள், இரண்டு பேர் வாயை மூடிக்கொள்வார்கள். கான்வென்ட்டில் படித்தவர் ஒரு பக்கம், தமிழ் வழியில் படித்தவர் ஒரு பக்கம் என்று கோடு தானாக விழுந்துவிடும். அந்தக் கோட்டை அழிக்கிற ஆட்டம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலம் பேசும் நாடுகளில் இதற்கு ஃபிக்‌ஷனரி என்று பெயர். ஒருவருக்கும் தெரியாத சொல் ஒன்றை அகராதியிலிருந்து எடுப்பது, ஆளுக்கொரு பொய்ப் பொருள் எழுதுவது, அவற்றை உண்மையான பொருளோடு கலந்து வாசித்து எது நிஜம் என்று கண்டுபிடிக்கச் சொல்வது. இவ்வளவுதான் ஆட்டம். கனடாவில் 1984-இல் இதைப் பால்டர்டாஷ் என்ற பெயரில் பெட்டியில் போட்டு விற்கவே ஆரம்பித்துவிட்டார்கள். நமக்குப் பெட்டி தேவையில்லை. ஓர் அகராதி, கொஞ்சம் காகிதம், கூசாமல் புளுகும் நண்பர்கள் இருந்தால் போதும்.

சொல் யாருக்குமே தெரியாது என்பதால் இங்கே எம்.ஏ. ஆங்கிலமும் பத்தாம் வகுப்பும் ஒன்றுதான். சொல்லப்போனால் நிறையப் படித்தவர்கள்தான் லத்தீன் வேர், கிரேக்க வேர் என்று துருவிக்கொண்டே போய்க் கோட்டை விடுவார்கள்.

படி 1: ஆட்களும் காகிதமும்

நான்கு முதல் எட்டுப் பேர் வரை ஆடலாம். மூன்று பேர் என்றால் யார் எதை எழுதினார் என்பது உடனே தெரிந்துவிடும். எட்டைத் தாண்டினால் கடைசிப் பொருளை வாசிக்கும்போது முதல் பொருள் மறந்திருக்கும். காகிதத் துண்டுகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும். நடுவர் கையில் இருப்பது கோடு போட்ட தாளா, வெள்ளைத் தாளா என்று பார்த்தே விடை சொல்லிவிடும் கில்லாடிகள் எல்லாக் கூட்டத்திலும் உண்டு.

சுற்றுக்கு ஒருவர் நடுவர். சொல்லைத் தேர்ந்தெடுப்பதும் சீட்டுகளை வாசிப்பதும் அவர் வேலை. அடுத்த சுற்றில் பக்கத்தில் இருப்பவர் நடுவராவார்.

படி 2: சொல்லைப் பொறுக்குவது

ஆட்டத்தின் பாதி வெற்றி இதில்தான் இருக்கிறது. புதிதாக ஆடுபவர்கள் பொதுவாக நீளமான சொல்லைத் தேடிப் போகிறார்கள். நீளமான சொல் தன் வயிற்றிலேயே விடையை வைத்திருக்கும். ஃபோபியா என்று முடிந்தால் ஏதோ பயம், ஐடிஸ் என்று முடிந்தால் ஏதோ வீக்கம். மீதியைக் குத்துமதிப்பாகச் சொல்லிவிடலாம். சசி தரூர் 2017-இல் ட்விட்டரில் எழுதிய ‘ஃபராகோ’, அடுத்த ஆண்டு அவர் எடுத்துவிட்ட ‘ஃப்ளாக்ஸினாஸினிஹிலிபிலிஃபிகேஷன்’ போன்றவையும் வேண்டாம். இந்தியாவில் அவை பாதிப் பேருக்கு மனப்பாடம்.

குட்டையான, எதுவாகவும் இருக்கக்கூடிய சொல்லே நல்ல சொல். கேட்டால் ஒரு மீனின் பெயர் போலவும் இருக்க வேண்டும், வசவு போலவும் இருக்க வேண்டும். அதன் பொருள் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு பொருளாகவோ, மனிதர்கள் அன்றாடம் செய்கிற காரியமாகவோ இருந்தால் இன்னும் நல்லது. வேதியியல் சேர்மம், பூச்சியினம் போன்றவை வந்தால் விடை தெரிந்த பிறகும் ‘ஓகோ’ என்று சொல்லிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவார்கள்.

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களையும் ஒதுக்கிவையுங்கள். நம் ஆட்கள் மோப்பம் பிடித்துவிடுவார்கள். ஆனால் ஆட்டம் சூடுபிடித்து, எல்லோரும் எல்லாவற்றையும் சந்தேகப்படும் நேரத்தில் ‘அனிகட்’ என்று ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அணைக்கட்டுதான் அது. ‘இவ்வளவு வெளிப்படையாகவா இருக்கும்?’ என்று அதைத் தொடப் பயப்படுவார்கள்.

இணையத்தில் உலவும் ‘அரிய சொற்கள்’ பட்டியலை அப்படியே நம்பிவிடாதீர்கள். அச்சிட்ட அகராதியோ, பெயர் பெற்ற இணைய அகராதியோ இரண்டில் சரிபார்த்துவிடுங்கள். இரண்டு எதற்கு என்றால், அகராதியே புளுகிய கதைகள் இருக்கின்றன. 1934-இல் வந்த வெப்ஸ்டர் பெரிய அகராதியின் இரண்டாம் பதிப்பில் ‘டோர்ட்’ என்ற சொல்லுக்கு ‘அடர்த்தி’ என்று பொருள் போட்டிருந்தார்கள். உண்மையில் அப்படி ஒரு சொல்லே இல்லை. பெரிய டியோ சின்ன டியோ அடர்த்தியைக் குறிக்கும் சுருக்கெழுத்தாக வரும் என்று ஒருவர் எழுதிக் கொடுத்த குறிப்புச் சீட்டில், ‘டி ஆர் டி’ (‘ஆர்’ என்றால் ‘அல்லது’) என்பதைச் சேர்த்துப் படித்து ஒரே சொல்லாக்கிவிட்டார்கள். 1939-இல்தான், இந்தச் சொல்லுக்கு மட்டும் வேர்ச்சொல் விளக்கம் இல்லையே என்று ஒரு பதிப்பாசிரியருக்கு உறைத்தது. 2001-இல் வந்த நியூ ஆக்ஸ்ஃபோர்டு அமெரிக்கன் அகராதியோ தெரிந்தே ஒன்றைச் செருகியது: ‘எஸ்குவிவேலியன்ஸ்’, அதாவது தன் கடமையை வேண்டுமென்றே தட்டிக்கழிப்பது. அகராதியை யாராவது காப்பியடித்தால் பிடிப்பதற்கு வைத்த பொறி அது. எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடிக்கும். எத்தனையோ அலுவலகங்களுக்குத் தேவையான சொல்லைப் போய்ப் பொய் என்று அறிவித்துவிட்டார்களே!

படி 3: பொருளைத் தமிழில் எழுதிவைப்பது

நம் கூட்டத்துக்கு நான் சொல்லும் முக்கியமான மாற்றம் இது: சொல் ஆங்கிலத்தில், பொருள் தமிழில். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பழைய கோடு மறுபடியும் விழுந்துவிடும். தமிழில் என்றால் எல்லோரும் சரளமாகப் புளுகலாம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நடுவர் ஆங்கிலப் பொருளை அவசரமாக மொழிபெயர்த்தால் அந்த ஒன்று மட்டும் கரடுமுரடாக நிற்கும், உடனே பிடித்துவிடுவார்கள். அதனால் ஆட்டத்துக்கு முன்பே நிதானமாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அ. சிதம்பரநாதன் செட்டியார் தலைமையில் உருவாகி, சென்னைப் பல்கலைக்கழகம் 1960-களில் வெளியிட்ட ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் கிடைத்தால் விடாதீர்கள். அகராதித் தமிழ் எப்படி இருக்கும் என்பதற்கு நல்ல மாதிரி அது. வீட்டில் லிஃப்கோ அகராதி இருந்தால் அதையும் புரட்டிப் பாருங்கள். பொய் எழுதுபவர்களுக்கும் அந்தத் தொனி பழக வேண்டும்.

படி 4: புளுகு எழுதுவது

நடுவர் சொல்லை எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டும். உதாரணத்துக்கு இஸட், ஏ, ஆர், எஃப்: ‘ஸார்ஃப்’. ஐந்து நிமிடம் கொடுங்கள். வந்த சீட்டுகள் இப்படி இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம்:

அ. துருக்கிய வண்டியோட்டிகள் குளிர்காலத்தில் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் கம்பளித் துணி.

ஆ. கோபம் கொண்ட ஒட்டகம் தன் எசமானரின் மாமியாரைப் பார்த்து எழுப்பும் ஒலி.

இ. கைப்பிடியற்ற காப்பிக் கோப்பையைத் தாங்குவதற்கான, பெரும்பாலும் உலோகத்தாலான அலங்கார உறை.

ஈ. (கப்பல்) பாய்மரத்தின் அடிப்பகுதியில் கயிறு உராயாமல் இருக்கப் பொருத்தப்படும் தோல் பட்டை.

ஆ-வுக்குச் சிரிப்பு கிடைக்கும், வாக்கு கிடைக்காது. ‘ஒட்டகம் எழுப்பும் ஒலி’ என்பதோடு நிறுத்தியிருந்தால் இரண்டு பேராவது விழுந்திருப்பார்கள்; மாமியாரை இழுத்ததால் கெட்டது. அ ஓரளவு நல்ல பொய், ஆனால் ஸ்கார்ஃப் என்ற சொல்லை ஒட்டி எழுதியது கொஞ்சம் யோசித்தால் தெரிந்துவிடும். ஈ-தான் தேர்ந்த புளுகு. முன்னால் அடைப்புக்குறிக்குள் துறையின் பெயர், செயப்பாட்டு வினை, ‘உராயாமல் இருக்க’ என்று ஒரு காரணம், எழுதியவருக்கே கொட்டாவி வரவழைக்கும் வறட்சி. அகராதி அப்படித்தான் பேசும். உண்மை இ. அரபியிலிருந்து துருக்கி வழியாக வந்த சொல் அது. நமக்கு டபரா இருப்பது போல அவர்களுக்கு ஸார்ஃப்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: ஒரு வாக்கியத்துக்கு மேல் போகாதீர்கள், ‘பெரும்பாலும்’, ‘குறிப்பாக’, ‘பழைய வழக்கு’ மாதிரி ஒரு சொல்லைத் தூவுங்கள், நகைச்சுவையை மூன்றாவது நான்காவது சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் எப்போதும் வறட்சியாகவே எழுதுவார் என்று பெயர் எடுத்த பிறகு ஒரு கோமாளித்தனமான பொருளை எழுதினால், அதை அகராதியின் தலையில் கட்டிவிடலாம்.

படி 5: வாசிப்பும் வாக்கும்

சீட்டுகள் வந்ததும் நடுவர் எல்லாவற்றையும் ஒருமுறை மனத்துக்குள் படித்துவிட வேண்டும். கையெழுத்து புரியாமல் நடுவில் திக்கினால் அது பொய் என்று காட்டிக்கொடுத்ததாகிவிடும். பிறகு கலைத்துப் போட்டு, முகத்தில் எதுவும் காட்டாமல், இரண்டு முறை வாசிக்க வேண்டும். உண்மையை எப்போதும் நடுவில் ஒளித்துவைப்பது நடுவர்களின் வழக்கமான பலவீனம்.

வாக்கை ஒவ்வொருவராகக் கேட்காதீர்கள். முதல் ஆள் சொன்னதையே மற்றவர்களும் சொல்வார்கள். மூன்று எண்ணியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் விரல் காட்ட வேண்டும்.

உண்மையைக் கண்டுபிடித்தவருக்கு 2 புள்ளி. உங்கள் புளுகுக்கு விழும் ஒவ்வொரு வாக்குக்கும் 1. ஒருவருமே கண்டுபிடிக்காவிட்டால் நடுவருக்கு 3. யாராவது தற்செயலாக உண்மையான பொருளையே எழுதிவிட்டால் அந்தச் சீட்டைச் சத்தமில்லாமல் எடுத்துவைத்துவிட்டு, சுற்று முடிந்ததும் அவருக்கு 3 கொடுங்கள். தன் புளுகுக்குத் தானே போடும் வாக்கு செல்லாது.

நண்பர்கள் வெவ்வேறு ஊர்களில் இருந்தால் வீடியோ அழைப்பில் ஆடலாம். புளுகை நடுவருக்குத் தனியாக அனுப்பினால் முடிந்தது. கூட்டம் பெரிதாக இருந்தால் பிபிசி 1965-இல் ஆரம்பித்த ‘கால் மை பிளஃப்’ நிகழ்ச்சியின் முறை இருக்கிறது. அணிக்கு மூன்று பேர். ஒரே சொல்லுக்கு மூவரும் ஆளுக்கொரு பொருளை வாயால் விளக்குவார்கள். அதில் ஒருவர்தான் உண்மை பேசுகிறவர். எழுதுவதை விட முகத்தைப் பார்த்துப் புளுகுவது கடினம் என்பது அப்போது தெரியும்.

படி 6: சொல்லைப் புழக்கத்தில் விடுவது

ஆட்டம் முடிந்ததும் அன்றைய சொற்களில் எல்லோருக்கும் பிடித்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த சந்திப்புக்குள் அதை ஒரு பேச்சிலோ வாட்ஸ்அப் செய்தியிலோ இயல்பாக நுழைக்க வேண்டும். ‘இதோ பார், சொல்லிவிட்டேன்’ என்கிற தோரணை தெரிந்தால் புள்ளி இல்லை.

இதற்கு ஏற்ற சொல் ஒன்று, ‘கான்கூஸ்லர்’. இங்கிலாந்தின் கால்வாய்க்கரைகளில் நின்று, போகிற வருகிற படகுகளைச் சும்மா வேடிக்கை பார்ப்பவரை அங்கே அப்படிச் சொல்வார்கள். ஜேசிபி மண் தோண்டுவதை நின்று பார்க்கும் நண்பர் நம் எல்லோருக்கும் இருக்கிறார். தேர்தல் காலத்தில் ‘ஸ்னாலிகாஸ்டர்’ கைகொடுக்கும். கொள்கை கிடையாது, சாமர்த்தியம் மட்டும் உண்டு என்கிற ஆளுக்கு அமெரிக்கர்கள் வைத்த பெயர். யாரும் பயன்படுத்துவதில்லை என்று மெரியம்–வெப்ஸ்டர் தன் கல்லூரி அகராதியிலிருந்து 2003-இல் நீக்கிவிட்டு, 2017-இல் திரும்பச் சேர்த்துக்கொண்டது.

இந்தச் சொற்களை நேர்முகத் தேர்வுக்கோ அலுவலக மின்னஞ்சலுக்கோ எடுத்துக்கொண்டு போகாதீர்கள். கேட்பவருக்குப் புரியாது; புரிந்தால் எரிச்சல்தான் வரும்.

முதல் நாளுக்கு மூன்று சொற்கள்

ஃபிப்பிள் (எஃப், ஐ, பி, பி, எல், இ): ரெக்கார்டர் போன்ற ஊதுகுழல்களின் வாய்ப்பகுதியில் காற்றைத் திருப்பிவிடும் அடைப்பான்.

ஸாக்ஸ் (இஸட், ஏ, எக்ஸ்): கூரைக்குப் போடும் பலகைக்கல்லை வெட்டவும் ஆணித் துளை போடவும் பயன்படும் கருவி.

நெஃப் (என், இ, எஃப்): ஐரோப்பியப் பிரபுக்களின் உணவு மேசையில் வைத்த, கப்பல் வடிவ அலங்காரப் பாத்திரம்.

மூன்றுக்கும் விடையைப் படித்துவிட்டீர்கள் என்பதால் முதல் மூன்று சுற்றுக்கும் நடுவர் நீங்கள்தான். மற்றவர்களுக்கு இந்தப் பக்கத்தை ஆட்டம் முடிந்த பிறகு அனுப்புங்கள்.