ஊருக்குப் போகும்போது எத்தனை ஜிபி எடுக்கலாம்?

ஆடி மாதம் நெருங்கினால் போதும், யாழ்ப்பாணம் நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிக்கிடுகிற சொந்தக்காரரிடமிருந்து எனக்கு அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். ரிக்கெற் எங்கே மலிவு என்ற கதை முடிந்ததும் அடுத்த கேள்வி இதுதான்: "அங்க எந்த சிம் போடுறது, எத்தனை ஜிபி எடுக்கிறது?" இங்கே மாதம் எவ்வளவு பாவிக்கிறீங்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன். அநேகமான ஆக்கள் போன் பில்லைப் பார்த்து நாலைந்து ஜிபி என்பார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

ரொறன்ரோவிலோ லண்டனிலோ நாங்கள் பாவிப்பதில் பெரும்பங்கு வீட்டு வைஃபையில் போய்விடும். அது போன் பில்லில் வராது. ஊரில் இறங்கியதும் அவ்வளவும் சிம்மின் தலையில் விழும், அல்லது சொந்தக்காரர் வீட்டு ரவுட்டரின் தலையில் விழும். ஆகவே வெளிக்கிட இரண்டு கிழமை இருக்கும்போதே வைஃபையையும் சேர்த்து உங்கள் பாவனையைப் பாருங்கள். அன்ட்ரொய்ட் போனில் செற்றிங்ஸுக்குள் வைஃபை டேட்டாக் கணக்கு தனியாகவே இருக்கும். ஐபோனில் அது இல்லை. ஆனால் ஸ்க்ரீன் டைம் பகுதியில் எந்தச் செயலியில் எத்தனை மணித்தியாலம் இருந்தீர்கள் என்று தெரியும். அதை வைத்துப் பெருக்கிப் பார்க்கலாம்.

வட்ஸ்அப்பில் குரல் அழைப்பு மட்டுமென்றால் மணித்தியாலத்துக்குச் சில பத்து எம்பிதான் போகும். முகம் பார்த்துக் கதைத்தால் ஏறத்தாழ 300 எம்பி. யூடியூப்பை 480 தரத்தில் பார்த்தால் அரை ஜிபி அளவு, அதையே 1080இல் பார்த்தால் ஒன்றரை ஜிபியைத் தாண்டும். என் அம்மா ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலம் பேரப்பிள்ளைகளின் முகம் பார்த்துக் கதைப்பார். வேறொன்றும் பார்க்கமாட்டார். மூன்று கிழமைக்கு அவருக்கு ஆறு, ஏழு ஜிபி போதும். தினமும் இரண்டு மணித்தியாலம் வீடியோ பார்க்கிற என் மகனுக்கு 30 ஜிபி இருந்தாலும் இழுபறிதான். ஒரே குடும்பம், ஒரே பயணம் என்பதற்காக எல்லாருக்கும் ஒரே பொதியை எடுத்துவிடாதீர்கள்.

ஆனால் ஆளை விழுத்துவது நாங்கள் பார்ப்பது அல்ல, எங்களுக்குத் தெரியாமல் மேலே ஏறுவது. சில வருடங்களுக்கு முன் தேர்த் திருவிழாவன்று பிள்ளைகள் இருவரும் ஆளுக்கொரு போனில் படம் பிடித்தார்கள். ஐபோனில் 4கே, 30 பிரேம் என்று வைத்திருந்தால் ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 எம்பி. எல்லாமாக 40 நிமிட வீடியோ, கிட்டத்தட்ட 7 ஜிபி. அன்றிரவு சித்தி வீட்டில் போன்களைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்தோம். விடிவதற்குள் அவ்வளவும் சித்தியின் ரவுட்டர் வழியாக ஆப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுட்டுக்குப் போய்விட்டது. மாத எல்லை முடிந்து வேகம் செத்துப்போனது எங்களுக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் பின்னேரம், ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை எழுத இருந்த சித்தியின் மகள், என் தங்கச்சி, இரசாயனவியல் சூம் வகுப்பில், ஆசிரியரின் முகம் உறைந்து நின்ற திரையை மடியில் வைத்துக்கொண்டு முற்றத்துக்கும் அறைக்கும் நடந்தாள். எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விருந்தாளியிடம் இதையெல்லாம் சொல்லக்கூடாது என்று நினைத்திருக்கிறாள். எனக்கு இன்றைக்கும் அது வலிக்கிறது.

ஊரில் பல வீடுகளின் இணையத்துக்கு மாத எல்லை உண்டு. கனடா வீட்டு வைஃபை மாதிரி அள்ளி இறைக்கிற சாமான் இல்லை அது. விமானம் ஏற முன்னமே ஐகிளவுட் போட்டோஸ், கூகிள் போட்டோஸ் இரண்டிலும் தானாக ஏற்றுவதை நிறுத்துங்கள். மொபைல் டேட்டாவுக்கு மட்டும் நிறுத்தினால் போதாது, வைஃபையிலும் நிறுத்தவேண்டும். வீடியோவின் தரத்தை 1080க்கு இறக்கினால் நிமிடத்துக்கு 60 எம்பி அளவுதான் வரும். வட்ஸ்அப்பில் படங்களும் வீடியோக்களும் தானாக இறங்குவதை நிறுத்தி, அழைப்புக்குக் குறைந்த டேட்டா என்ற தெரிவையும் போட்டுவிடுங்கள். கூகிள் மப்பில் யாழ்ப்பாணம், வன்னிப் பகுதிகளை இங்கேயே இறக்கி வைத்தால் ஏ9 வீதியில் சிக்னல் விட்டுப்போனாலும் வழி தெரியும்.

எந்தக் கம்பனி என்பதற்கு என்னிடம் ஒரே பதில் இல்லை. டயலொக், மொபிடெல், ஹட்ச் மூன்றும் இருக்கின்றன. கொழும்பில் எது நல்லது என்ற பேச்சு உங்கள் கிராமத்துக்கு உதவாது. நீங்கள் படுக்கப்போகிற வீட்டுக்கு எடுத்து, அங்கே என்ன சிம் என்று கேளுங்கள். அந்த அறைக்குள் நின்று ஒரு வீடியோ அழைப்பு எடுக்கச் சொல்லுங்கள். கல்வீட்டின் உள்ளறையில் இடையிடையே அறுந்து, வேலியடியில் நின்றால் மட்டும் நன்றாக வருகிற சிக்னல் இரவில் உங்களுக்குப் பிரயோசனப்படாது. நெடுந்தீவுக்கோ முல்லைத்தீவுக்கோ போகிற திட்டம் இருந்தால் அங்கத்தைய ஆக்களிடமும் விசாரியுங்கள். இரண்டு பேர் போனால் இரண்டு வேறு கம்பனி சிம் எடுப்பது நல்லது. ஒன்று விட்டால் மற்றதன் ஹொட்ஸ்பொட் கை கொடுக்கும்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வெளியே வரும்போதே கவுண்டர்கள் இருக்கும். பாஸ்போட்டைக் காட்டிப் பதிந்து எடுக்கலாம். விலைப்பலகையில் பெரிதாகப் போட்டிருக்கிற ஜிபியை மட்டும் பார்த்துக் காசை நீட்டாதீர்கள். அதில் எந்த நேரமும் பாவிக்கக்கூடியது எவ்வளவு, நள்ளிரவு தொடங்கி விடியும்வரை மட்டும் செல்லுபடியாவது எவ்வளவு என்று கேளுங்கள். இந்த இரவு டேட்டா கனடாக்காரருக்குத் தோதானது. கோடையில் ரொறன்ரோவுக்கும் ஊருக்கும் ஒன்பதரை மணித்தியால வித்தியாசம். ஊரில் காலை 6 மணிக்கு எழும்பிக் கதைத்தால் அங்கே முதல்நாள் இரவு 8.30, பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். லண்டன்காரருக்கு அதே நேரம் நடுச்சாமம் 1.30. அவர்களுக்கு இரவு டேட்டா இருந்தும் பிரயோசனம் இல்லை, பகல் டேட்டாவை மட்டும் எண்ணிப் பொதியை எடுக்கவேண்டும். வட்ஸ்அப்புக்கு, யூடியூப்புக்கு என்று தனித்தனியாகப் பொதி விற்றால் அழைப்பும் அதற்குள் அடங்குமா என்று கேட்டுவிடுங்கள். வட்ஸ்அப்பில் வந்த லிங்கைத் தட்டி வெளியே போனால் அது பொது டேட்டாவில்தான் கழியும். குறைவாக எடுத்து, தீர்ந்துபோனால் சந்திக் கடையில் ரீலோட் போடுவதுதான் என் வழக்கம். மிஞ்சியதைக் கொண்டுவர முடியாது.

இங்கேயே இணையத்தில் வாங்கி வைக்கிற பயண ஈசிம், அதாவது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிகிற சிம், வசதியானதுதான். ஆனால் அவற்றில் பல டேட்டாவுக்கு மட்டுமே, உள்ளூர் நம்பர் இருக்காது. பிக்மீ செயலியில் ஓட்டோ பிடித்தால் சாரதி வழி கேட்க எடுப்பார். சின்னம்மாவுக்கு வட்ஸ்அப் தெரியாது, போனில்தான் கூப்பிடுவார். வயது போனவர்களோடு போகிறவர்கள் 1990 என்ற சுவசெரிய இலவச அம்புலன்ஸ் நம்பருக்கு உடனே எடுக்கக்கூடிய உள்ளூர் சிம் ஒன்றைக் கையில் வைத்திருக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பழைய சிம்மைக் கழற்றி வைத்துவிடவும் வேண்டாம். வங்கியின் ஒருமுறைக் குறியீடு அதற்குத்தான் வரும். இரண்டு சிம் போடக்கூடிய போன் என்றால் அதை உள்ளேயே விட்டு, டேட்டா ரோமிங்கை மட்டும் நிறுத்துங்கள். அதில் வருகிற அழைப்பை எடுத்தால் காசு ஏறும் என்பதை அம்மா, அப்பாவுக்கும் சொல்லிவிடுங்கள். வட்ஸ்அப் புது நம்பருக்கு மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். போன் ஒரே கம்பனியின் சிம்முக்கு மட்டும் என்று பூட்டப்படாததா என்பதையும் முன்னமே பார்த்துக்கொள்ளுங்கள். கனடாவில் 2017 டிசம்பர் முதல் பூட்டிய போன் விற்கக்கூடாது, பிரித்தானியாவில் 2021 டிசம்பர் முதல். அதற்கு முந்தியதைக் கையில் வைத்திருப்பவர்களும் வேறு நாட்டுக்காரரும் ஐபோனின் அபௌட் பக்கத்தில் கரியர் லொக் என்ற வரியைப் பாருங்கள். அமெரிக்காவில் வாங்கிய ஐபோன் 14உம் அதற்குப் பிந்தியவையும் என்றால் சிம் போட இடமே இல்லை, ஈசிம் தருகிற கவுண்டரைத் தேடவேண்டும்.

திரும்பும்போது ஊரில் எடுத்த சிம்மை யாருக்கும் கொடுத்துவிட்டு வருவதில்லை. அது என் பாஸ்போட்டில் பதிந்தது.

போன வருடம் சித்தி வீட்டுக்குப் போனதும் முதலில் தங்கச்சியிடம் அந்த மாத மீதியைக் கேட்டேன். அவள் தயங்கித் தயங்கிப் போனைக் காட்டினாள், 11 ஜிபி இருந்தது. மேலதிக டேட்டாவுக்கு அப்போதே காசு கட்டிவிட்டு, வைஃபை பாஸ்வேர்ட் என்ன என்று கேட்ட மகனிடம், உன்னுடைய சிம்மையே பாவி என்று சொன்னேன்.