நாயின் தோல் செதில் செதிலாக உதிர்கிறதா? ஷாம்புக்கு முன் சீப்பை எடுங்கள்

நாய் உடம்பில் பொடுகு மாதிரி உதிர்கிறது என்று சொல்கிறவர்கள் அடுத்து கேட்பது, எந்த ஷாம்பு போடலாம் என்றுதான். நாய்களைக் குளிப்பாட்டி, முடி சீவி, நகம் வெட்டிவிடுவது என் தொழில் என்பதால் என்னிடம் கேட்கிறார்கள். நான் ஷாம்பு பெயர் சொல்வதில்லை. முதலில் நாயைப் பிடித்து நன்றாகப் பாருங்கள் என்பேன். வறட்சி, பூச்சி, அலர்ஜி, பூஞ்சை, தைராய்டு என்று எதிலிருந்தும் செதில் வரலாம். காரணம் தெரியாமல் குளிப்பாட்டிக்கொண்டே இருந்தால் தோல் இன்னும் காய்ந்துபோகும்.

நல்ல வெளிச்சத்தில் நாயை நிற்க வைத்து, காலடியில் கறுப்புத் துணி ஒன்றை விரியுங்கள். பற்கள் நெருக்கமாக உள்ள பேன் சீப்பால், கழுத்திலிருந்து வால் வரை தோலை ஒட்டிச் சீவுங்கள். வால் தொடங்கும் இடத்தில் மெதுவாகப் போங்கள், தெள்ளுப்பூச்சி அதிகம் தங்குவது அங்கேதான். சீப்பில் மிளகைப் பொடித்ததுபோல் கறுப்புத் துகள் வந்தால் அதை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டுங்கள். துகளைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் கசிந்தால் அது தெள்ளுப்பூச்சியின் கழிவு, நாயின் ரத்தம்தான். அப்படியானால் பூச்சிக்கு மருந்து போடாமல் வேறு எது செய்தும் பிரயோஜனம் இல்லை.

கறுப்புத் துணியில் விழுந்த வெள்ளைச் செதிலையும் கொஞ்ச நேரம் உற்றுப் பாருங்கள். என்னிடம் வந்த ஒரு கறுப்பு லாப்ரடாரின் முதுகெல்லாம் மாவு தூவினது போல இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்த அம்மாவின் முன்கையில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. செதில் மேல் செல்லோ டேப்பை ஒட்டி எடுத்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தோம். வெள்ளைப் புள்ளிகள் நகர்ந்தன. செய்லெட்டியெல்லா என்ற சிலந்திப்பேன் அது. வெறும் வறட்சி போலவே தோன்றும். ஆனால் மற்ற நாய்க்கும் பூனைக்கும் தொற்றும், மனிதரையும் கடிக்கும். வீட்டில் யாருக்காவது புதிதாக அரிப்பு வந்திருக்கிறதா என்று நான் எப்போதும் கேட்பது அதனால்தான்.

அப்புறம் விரலால் தடவிப் பாருங்கள். உலர்ந்த தூள் போல உதிர்கிறதா, பிசுபிசுப்பாக மஞ்சளாக ஒட்டுகிறதா? ஒட்டுகிறது, கெட்ட வாடையும் அடிக்கிறது என்றால் ஈஸ்ட் பூஞ்சையோ பாக்டீரியாவோ சேர்ந்திருக்கலாம். காது ஓரத்திலும் முழங்கையிலும் செதில், தாங்க முடியாத அரிப்பு என்றால் சொறியாக இருக்கலாம். வட்டமாக முடி கொட்டிச் செதில் படிந்திருந்தால் படர்தாமரையை நினைக்க வேண்டும். இந்த இரண்டுமே மனிதருக்கும் தொற்றும், கையுறை போட்டுத் தொடுங்கள். நடுவயது நாய், அரிப்பே இல்லை, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி மெலிகிறது, எடை ஏறுகிறது, எப்போதும் சோர்ந்து கிடக்கிறது என்றால் தைராய்டு சுரப்பு குறைந்திருக்கலாம். ஹஸ்கிக்குக் கண்ணையும் வாயையும் சுற்றிப் பொருக்கு கட்டினால் துத்தநாகக் குறைபாடு ஒரு சாத்தியம். கோல்டன் ரெட்ரீவருக்குக் குட்டியிலிருந்தே பெரிய பெரிய செதில் விழுந்தால் அது பிறவியிலேயே வந்த இக்தியோசிஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். அதை முழுதாகப் போக்க முடியாது, கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் எதுவும் இல்லை, நாய் நன்றாகச் சாப்பிடுகிறது, ஓடுகிறது, செதில் மட்டும் லேசாக உதிர்கிறது. சரி, இப்போது குளியலுக்கு வருவோம்.

மனிதர் ஷாம்பு வேண்டாம். பொடுகு ஷாம்பு அறவே வேண்டாம். நம் தோலின் அமிலத் தன்மை வேறு, நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது. அதன் மேல்தோல் நம்முடையதைவிட மெல்லியதும்கூட. நாய்களுக்கென்றே செய்த, சோப்பு இல்லாத, ஈரப்பதம் தரும் ஷாம்பு போதும். குளிப்பாட்டும் முன் பிரஷ்ஷால் வாரிவிடுங்கள், தளர்ந்த செதிலும் செத்த முடியும் அதிலேயே பாதி வந்துவிடும். தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். உங்கள் மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஊற்றிப் பார்த்தால் சூடாகத் தோன்றக் கூடாது. அடர்ந்த முடி உள்ள நாய்க்கு மேலாக நனைந்ததைப் பார்த்து ஏமாறாதீர்கள். முடியைப் பிரித்துத் தோல் நனைந்ததா என்று பாருங்கள். ஷாம்புவை ஒரு குவளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் சமமாகப் பரவும். விரல் நுனியால் தேயுங்கள், நகம் படாமல்.

மருத்துவர் கொடுத்த ஷாம்பு என்றால் தோலில் 10 நிமிடம் ஊற வேண்டும் என்று பெரும்பாலும் போட்டிருக்கும். போட்டதும் கழுவிவிட்டால் மருந்து வேலை செய்யாது. அதே அளவு முக்கியம் அலசுவது. அக்குள், வயிறு, தொடை இடுக்கு, இங்கெல்லாம் நுரை ஒளிந்துகொள்ளும். முடியைப் பிழிந்தால் வழுக்காமல், தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள். தங்கிவிட்ட ஷாம்புவே புதுச் செதிலை உண்டாக்குவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிறகு துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். ஹேர் டிரையரைச் சூட்டில் வைக்க வேண்டாம். முடி ஈரமாக இருக்கும்போதே, கழுவத் தேவையில்லாத நாய்க் கண்டிஷனரைத் தடவினால் ஈரம் தங்கும். வெறும் வறட்சிக்கு 3, 4 வாரத்துக்கு ஒரு குளியல் தாராளம்.

இரண்டு நாளில் பலன் தெரியவில்லை என்று ஷாம்புவை மாற்றாதீர்கள். நாயின் மேல்தோல் முழுதாகப் புதுப்பித்துக்கொள்ள ஏறக்குறைய 3 வாரம் ஆகும். அதுவரையாவது பொறுங்கள்.

உள்ளிருந்து தோலைச் சரிசெய்வது சாப்பாடு. முழுச் சத்தும் கணக்காகச் சேர்ந்த நாய் உணவு, கூடவே குடிக்க எப்போதும் சுத்தமான தண்ணீர். மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா 3 கொழுப்பு பல நாய்களுக்கு உதவுகிறது. ஆனால் பலன் தெரிய 6 முதல் 8 வாரம், சில நேரம் அதற்கு மேலும் ஆகலாம். எடைக்கு ஏற்ற அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அதிகமானால் பேதியாகும். காட் மீன் ஈரல் எண்ணெய் வேறு சரக்கு. அதில் வைட்டமின் ஏ, டி அதிகம், உடம்பில் சேர்ந்து நஞ்சாகலாம். அதை மீன் எண்ணெய் என்று நினைத்து ஊற்றிவிடாதீர்கள்.

ஏசியோ ஹீட்டரோ ஓடும் அறையில் காற்று காய்ந்திருக்கும். அதன் நேர் எதிரே நாயின் படுக்கை இருந்தால் தள்ளிப் போடுங்கள்.

தடவக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன், இதில்தான் உயிர் ஆபத்து இருக்கிறது. நாய் தடவியதை நக்கும். டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கு நஞ்சு. மனிதரின் சோரியாசிஸ் களிம்புகள் சிலவற்றில் உள்ள கால்சிபோட்ரையால் என்ற மருந்து கொஞ்சம் உள்ளே போனாலே உயிருக்கு உலை வைக்கும். ஜிங்க் ஆக்சைடு களிம்பும் வேண்டாம்.

அரிப்பு தூக்கத்தைக் கெடுத்தால், தோல் சிவந்து புண்ணானால், முடி கொட்டினால், வாடை அடித்தால், வீட்டு மனிதருக்கும் அரித்தால், ஒரு மாதம் கவனித்தும் செதில் குறையாவிட்டால் கால்நடை மருத்துவரிடம் போங்கள். போவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்தே குளிப்பாட்டாதீர்கள். தோலைச் சுரண்டியும் டேப்பில் ஒட்டியும் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள், குளிப்பாட்டினால் பார்க்க வேண்டியதே கழுவிப் போய்விடும். என்ன சாப்பாடு, எந்த ஷாம்பு, கடைசியாகப் பூச்சி மருந்து எப்போது என்று எழுதி எடுத்துப் போங்கள். பூச்சிதான் காரணம் என்றால் வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் சேர்த்தே சிகிச்சை கேளுங்கள், பூனைக்குத் தனி மருந்து. பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய் மருந்தைப் பூனை மேல் போட்டால் பூனை செத்தே போகலாம். படுக்கை விரிப்பைச் சுடுதண்ணீரில் துவைத்து, சீப்பையும் பிரஷ்ஷையும் கழுவிக் காயவையுங்கள்.