நடுநிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஃபேன்டசி நாவல்: தேர்ந்தெடுப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி நூலகப் பணிக்குப் புதிதாக வருகிறவர்கள் ஃபேன்டசி நாவல்களைத் தேர்ந்தெடுப்பதைப் பல ஆண்டுகளாக அருகிலிருந்து பார்த்து வருகிறேன். வசைச் சொற்கள் உண்டா, ஆபாசம் உண்டா என்பதை யாரும் சொல்லாமலே அவர்கள் கவனித்துவிடுகிறார்கள் என்பதால் அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவர்கள் சறுக்குவது வேறு இடங்களில். எங்கள் தலைமுறை சறுக்கியதும் அதே இடங்களில்தான்.

நாயகனின் வயதை வாசகரின் வயதாகக் கொள்வது

பதிப்புத் துறையில் சிறார் நாவல் என்பது பொதுவாக 8 முதல் 12 வயது வரையிலானவர்களுக்கும், இளையோர் நாவல் என்பது 12 முதல் 18 வயது வரையிலானவர்களுக்கும் உரியது. நடுநிலைப் பள்ளி மாணவர்களோ 11 முதல் 14 வயதுக்குள் இருப்பதால் இரண்டு வகைக்கும் நடுவே நிற்கிறார்கள். வகைப்பெயர் கைகொடுக்காதபோது பலரும் அடுத்ததாகப் பார்ப்பது கதாபாத்திரத்தின் வயதைத்தான். 1996இல் வெளிவந்த ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நாவல் தொடங்கும்போது அதன் முக்கியப் பாத்திரங்களான பிரானுக்கு ஏழு வயது, ஆர்யாவுக்கு ஒன்பது, சான்சாவுக்குப் பதினொன்று. ஆயினும் அது முழுக்க முழுக்கப் பெரியவர்களுக்கான நூல். மாறாக, 1937இல் குழந்தைகளுக்கென்றே எழுதப்பட்ட ‘த ஹாபிட்’ நாவலின் நாயகர் ஐம்பதைத் தொட்டவர்.

விலங்குக் கதை என்றால் மென்மையானது என்று நம்புவது

‘வாட்டர்ஷிப் டவுன்’ (1972) முயல்களின் கதைதான். அதில் ஒரு வளைக் குடியிருப்பே நச்சுவாயு செலுத்தி அழிக்கப்படுகிறது.

முதல் பாகத்தைப் படித்துவிட்டு முழுத் தொடருக்கும் சான்றிதழ் கொடுப்பது

இந்த ஒரு தவற்றைக் காணும்போது மட்டும் எனக்கு இன்றும் எரிச்சல் அடங்குவதில்லை. ஃபேன்டசியில் தனி நாவலைவிடத் தொடரே மிகுதி. முதல் பாகத்தைப் படித்து, நகைச்சுவையும் நட்பும் சாகசமும் நிறைந்திருப்பதில் மகிழ்ந்து, மீதிப் பாகங்களைப் பின்னட்டைக் குறிப்போடு நிறுத்திக்கொண்டு, தொடர் முழுவதையும் ஆறாம் வகுப்பு அலமாரியில் அடுக்கிவிடுகிறார்கள்.

தொடர்கள் ஏன் போகப் போக இருள்கின்றன என்பதற்கு ஓர் எளிய காரணம் உண்டு. பாகங்கள் ஓரிரு ஆண்டு இடைவெளியில் வெளிவந்தபோது முதல் வாசகர்களும் அவற்றோடு சேர்ந்து வளர்ந்தார்கள். எழுத்தாளரும் அந்த வளர்ச்சியை எதிர்பார்த்தே எழுதினார். ஹாரி பாட்டர் தொடரின் முதல் பாகம் 1997இலும் ஏழாம் பாகம் 2007இலும் வந்தன. முதல் பாகத்தை வெளிவந்த ஆண்டிலேயே 11 வயதில் படித்த ஒருவருக்குக் கடைசிப் பாகம் கையில் கிடைக்கும்போது வயது 21. இன்றைய பதினொரு வயதுப் பிள்ளையோ ஏழையும் ஒரே விடுமுறையில் முடித்துவிடும்; பத்தாண்டு வளர்ச்சியைக் கணக்கில் கொண்டு எழுதப்பட்ட மரணங்களும் துரோகங்களும் அதற்குச் சில வாரங்களுக்குள் வந்து சேர்கின்றன.

‘எர்த்சீ’ தொடரில் இந்தத் தாவல் இன்னும் பெரிது. 1968, 1971, 1972 ஆகிய ஆண்டுகளில் வந்த முதல் மூன்று நாவல்களை நடுநிலைப் பள்ளியில் நல்ல வாசகர் எவர் கையிலும் தயங்காமல் கொடுப்பேன். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 1990இல் வந்த ‘டெஹானு’வின் மையத்தில் இருப்பவர்கள் நடுவயதுக் கைம்பெண் ஒருத்தியும், வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டு நெருப்பில் தள்ளப்பட்ட ஒரு சிறுமியும். மிக உயர்ந்த நாவல்தான், ஆனால் ஆறாம் வகுப்புக்கு உரியதன்று. இத்தொடர் இப்போது ஒரே தொகுப்பாகவும் கிடைப்பதால், எங்கே நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே தெரியாதவர் பிள்ளையின் கையில் எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்.

புதிதாகச் சேர்ந்த ஒருவர் இப்படித்தான் நான்கு பாகத் தொடர் ஒன்றை வாங்கினார். மூன்றாம் பாகத்தில் சிறைவதைக் காட்சி ஒன்று அத்தியாயக் கணக்கில் நீள்வது அவருக்குத் தெரியாது; ஒரு மாணவியின் பெற்றோர் வந்து கேட்டபோதுதான் தெரிந்தது. பதற்றத்தில் அவர் மூன்றாம் நான்காம் பாகங்களை அலமாரியிலிருந்து எடுத்து மறைத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது இந்த இரண்டாவது செயலால்தான். இரண்டாம் பாகம் நாயகி பிடிபடுவதோடு முடிகிறது. அதுவரை படித்துவிட்டு அடுத்தது என்ன என்று தவிக்கும் பிள்ளை, நூலகம் தராவிட்டால் அந்தப் புத்தகத்தை வேறெங்காவது தேடிப் பிடித்து, பேச ஆளில்லாமல் தனியாகப் படிக்கும். அவ்வாறே சிலர் படித்தார்கள். தொடங்கிவிட்ட தொடரை நடுவில் பிடுங்குவதைவிட, அந்த அத்தியாயம் வருகிறது என்று முன்பே சொல்லி, படித்ததும் வந்து பேசச் சொல்லிக் கொடுத்தனுப்புவது எவ்வளவோ மேல்.

ஆகவே ஒரு தொடரை வாங்குவதற்குமுன் அதன் முதல் பாகத்தையும் கடைசிப் பாகத்தையும் முழுமையாகப் படியுங்கள். ஒன்றுக்குத்தான் நேரம் உண்டு என்றால் கடைசிக்கு முந்திய பாகத்தைப் படிக்கும்படி சொல்வேன்; கதையின் ஆழ்ந்த இருள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், இறுதிப் பாகம் அதிலிருந்து மீளும் வேலையைச் செய்யும். கதைக்குள் எத்தனை ஆண்டுகள் கழிகின்றன, பாகங்கள் வெளிவந்த ஆண்டுகளுக்கிடையே நீண்ட இடைவெளி உண்டா என்பவற்றையும் பாருங்கள். இன்னும் எழுதி முடிக்கப்படாத தொடர் என்றால், வரவிருக்கும் பாகத்துக்கு இன்றே உத்தரவாதம் தர யாராலும் இயலாது.

வாசிப்பு நிலை எண்ணை மட்டும் நம்புவது

ஒரு நூலைப் படிப்பது எவ்வளவு கடினம் என்பதை எண்ணால் சொல்லும் லெக்சைல் போன்ற அளவீடுகள் வாக்கியங்களின் நீளத்தையும் சொற்கள் எவ்வளவு பரவலாக வழங்குகின்றன என்பதையும் கொண்டு கணக்கிடப்படுபவை. உள்ளடக்கத்தின் கனத்தைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை. சிறு சிறு எளிய வாக்கியங்களில் பெருங்கொடுமையைச் சொல்ல முடியும் என்பது எழுதத் தெரிந்த எவருக்கும் தெரியும். ஃபேன்டசிக்கே உரிய வேறொரு கடினத்தையும் இந்த எண்களைக் கொண்டு மதிப்பிட முடியாது: முதல் முப்பது பக்கங்களில் அரச வம்சங்கள், மந்திர விதிகள், புனைந்த ஊர்ப்பெயர்கள் எத்தனை வந்து குவிகின்றன, அவை காட்சியின் வழியாகவே விளங்குகின்றனவா, இல்லை பின்னிணைப்பைப் புரட்ட வைக்கின்றனவா என்பதை நாமே படித்துத்தான் அறிய வேண்டும். ஆர்வமுள்ள பிள்ளையே நூலைப் பாதியில் மூடி வைப்பது பெரும்பாலும் இங்கேதான். அச்சத்தால் மூடி வைத்தவர்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

பக்க எண்ணிக்கையைக் கண்டு ஒதுக்குவது

கதை பிடித்துவிட்டால் அறுநூறு பக்கத்தையும் முடித்துவிட்டுத்தான் வருவார்கள்.

இறப்புகளை எண்ணுவது

எத்தனை பேர் இறக்கிறார்கள் என்பதைவிட, இறப்பு எவ்வளவு நேரம் காட்டப்படுகிறது, யாருடைய கண் வழியாகக் காட்டப்படுகிறது, அதற்காகக் கதைக்குள் யாராவது துக்கப்படுகிறார்களா என்பவையே முக்கியம். ஆயிரம் வீரர்கள் ஒரு வரியில் மடியும் போரைப் பிள்ளைகள் எளிதில் கடந்துவிடுகிறார்கள். நாயகனின் வளர்ப்பு ஓநாய் பத்துப் பக்கங்களில் மெல்லச் சாகும் காட்சியே அவர்களை உறங்கவிடாமல் செய்கிறது. உறங்கவிடாதது என்பதற்காக மட்டும் அதை நான் விலக்குவதில்லை. சித்திரவதையை வேடிக்கையாக்கி, வதைப்பவனுக்குக் கைதட்டல் வாங்கித் தரும் நூலை, ஒரு துளி இரத்தம் சிந்தாவிட்டாலும், விலக்குவேன்.

வகுப்பறைக்கும் அலமாரிக்கும் ஒரே அளவுகோல் வைப்பது

அலமாரியிலிருந்து தானாக எடுத்த நூல் தாங்கவில்லை என்றால் பிள்ளை அதை மூடிவிடலாம். வகுப்பில் எல்லோரும் சேர்ந்து படிக்கும் நூலுக்கு அந்த வழி இல்லை. அண்மையில் வீட்டில் ஒரு மரணத்தைக் கண்ட மாணவரும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கக்கூடும். அதனால் வகுப்பறை நூலை நான் கண்டிப்புடனும் அலமாரி நூலைத் தாராளமாகவும் தேர்ந்தெடுக்கிறேன். வகுப்புக்கு வேண்டாம் என்று நான் ஒதுக்கியவற்றில் பாதிக்கு மேல் எங்கள் அலமாரியில்தான் இருக்கின்றன.