லண்டனில், ஊர் தூங்கும் நேரத்துக்கு ஒரு நடை

லண்டனுக்கு வந்த புதிதில் பலரையும் வாட்டுவது வேலை முடிந்த பிறகு வரும் அந்த இரண்டு மணி நேரம்தான். குளிர்காலத்தில் இங்கே இரவு 7 மணி என்றால் ஊரில் நள்ளிரவு 12:30, அம்மா தூங்கியிருப்பார், நண்பர்களும் படுத்திருப்பார்கள், போனை எடுத்தால் கூப்பிட ஆள் இல்லை. அந்த நேரத்தை அறைக்குள் உட்கார்ந்து கழிக்காதீர்கள். வெஸ்ட்மின்ஸ்டர் ஸ்டேஷனில் இறங்கி, பாலத்தைத் தாண்டி, தேம்ஸின் தென்கரையோடு டவர் பிரிட்ஜ் வரை நடங்கள். ஏறக்குறைய 4 கிலோமீட்டர். நின்று நின்று போனால் ஒன்றரை மணி நேரம் ஆகும்.

மேற்கிலிருந்து கிழக்கே போவதுதான் சரி. கோடையில் வெயில் முதுகுப் பக்கம் விழும், எதிரே செயின்ட் பால்ஸ் தேவாலயத்தின் குவிமாடம் வெளிச்சத்தில் நிற்கும். ஜூனில் சூரியன் மறைய 9:20 ஆகிவிடும், அதனால் சாப்பிட்டுவிட்டே கிளம்பலாம். டிசம்பரில் 4 மணிக்கு முன்பே இருட்டிவிடும். அப்போது குல்லா, கையுறை, கம்பளி சாக்ஸ் மூன்றும் வேண்டும், ஆற்றங்கரைக் காற்று தெருக்காற்றைவிடக் கடுமையாக அடிக்கும். போனைத் திறந்து கையில் பிடித்தபடி சாலையோரம் நிற்காதீர்கள், பைக்கில் வந்து பறித்துக்கொண்டு போகிறார்கள்.

கிளம்பும் முன் ஆற்றில் நீர் ஏறும் இறங்கும் நேரத்தைப் பார்த்துவிடுங்கள். கடல் தூரத்தில் இருந்தாலும் தேம்ஸ் நகரத்துக்குள்ளேயே ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்குகிறது, சில நாட்களில் 7 மீட்டர் வரை. கோடை மாலையில் நீர் வற்றியிருந்தால் கேப்ரியல்ஸ் வார்ஃப் என்ற கரையோர இடத்தருகே மணல் தெரியும். கூழாங்கல்லுக்கு நடுவே சாக்பீஸ் துண்டு போல வெள்ளையாக, நடுவில் ஊசித்துளையோடு ஏதாவது கிடந்தால், அது பழைய களிமண் புகைக்குழாயின் காம்பு, நூற்றாண்டுகளுக்கு முன் யாரோ புகைத்துவிட்டு எறிந்தது. கண்ணில் பட்டால் பார்க்கலாம், ஆனால் தேடவும் எடுக்கவும் அனுமதிச்சீட்டு வேண்டும். படிக்கட்டில் பாசி வழுக்கும், நீர் திரும்பி ஏறும் வேகமும் அதிகம், அதனால் இருட்டியபின் கீழே இறங்கவே வேண்டாம்.

கழிப்பறைக்கும் குளிர் காயவும் ராயல் ஃபெஸ்டிவல் ஹால் இருக்கிறது. 1951-இல் திறந்த இசை அரங்கு, முன்கூடத்துக்குள் போக டிக்கெட் கேட்பதில்லை. நான் குளிர்காலத்தில் அங்கே மணிக்கணக்கில் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், ஏன் இருக்கிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. அடுத்து வாட்டர்லூ பாலத்துக்கு அடியில் பழைய புத்தகக் கடைகள், கொஞ்சம் சீக்கிரம் போனால் மேசைகளை எடுத்துவைக்கும் முன் புரட்டிவிடலாம்.

பிளாக்ஃப்ரையர்ஸில் ஒரு நிமிடம் நில்லுங்கள். ஆற்றுக்குள் வரிசையாகச் சிவப்புத் தூண்கள், மேலே பாலம் இல்லை. 1864-இல் கட்டிய ரயில் பாலத்தின் மேல்பகுதியை 1985-இல் எடுத்துவிட்டார்கள், தூண்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. பெரும்பாலானவர்கள் பார்க்காமலே தாண்டிப் போகிறார்கள்.

அப்புறம் மில்லேனியம் பாலம். 2000 ஜூனில் திறந்த இரண்டே நாளில், நடப்பவர்களின் காலடிகளுக்கு ஆடியதால் மூடி, 2002-இல்தான் மறுபடி திறந்தார்கள். இப்போது ஆடாது. பாதி வரை போய்த் திரும்பி வாருங்கள், ஆறு இரு பக்கமும் விரிந்து தெரியும் இடம் அதுதான். பரோ மார்க்கெட் பக்கம் சந்து குறுகலாக இருக்கும், நேராகப் போய்விடுங்கள்.

கப்பல்கள் போக டவர் பிரிட்ஜைத் தூக்கும் நேரங்களை முன்கூட்டியே இணையத்தில் போடுகிறார்கள். அதற்கேற்ப வந்தால், சாலையே நடுவில் பிளந்து மேலே எழுவதைப் பார்க்கலாம். திரும்பி வர லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷனில் ஜூபிலி லைன் சுரங்க ரயில். நடுவில் கால் வலித்தாலும் பரவாயில்லை, வாட்டர்லூ, சதர்க் என்று அதே லைன் கரையை ஒட்டியே வருகிறது.

ரயில் ஏறும் முன் ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஊரில் காலை 6 மணிக்கு எழுந்ததும் அம்மா பார்ப்பார்.