ஆய்வுக் குழுவுக்கு 15 நிமிடக் கூட்டம்

ஆய்வு மாணவர்களை வாரம் ஒரு முறை தனித்தனியாகச் சந்திக்கும் வழிகாட்டியா நீங்கள்? வேறொரு வழியும் உண்டு. அப்போது மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் இருந்த மைக்கேல் ஹிக்ஸும் ஜெஃப்ரி ஃபாஸ்டரும், குழுவாகத் தினமும் சுருக்கமாகக் கூடி வேலையை நகர்த்தும் மென்பொருள் துறையின் ஸ்க்ரம் முறையை ஆய்வுக்கு ஏற்ப மாற்றி, ‘ஸ்கோர்’ என்ற பெயரில் 2010-இல் எழுதினார்கள். வாரத்தில் சில நாள், குழு மொத்தமும் 15 நிமிடம் கூடும். போன தடவைக்கு அப்புறம் என்ன செய்தேன், எங்கே மாட்டிக்கொண்டேன், அடுத்து என்ன? அவ்வளவுதான். “பிசிஆரில் பட்டையே வரவில்லை” என்று (டிஎன்ஏவைப் பெருக்கும் சோதனை பலிக்கவில்லை என்று) ஒருவர் சொன்னதும் அங்கேயே அலச ஆரம்பிக்காதீர்கள். உதவக்கூடிய ஒன்றிரண்டு பேரோடு பிறகு தனியாக உட்காருங்கள்; நிலவரம் சொல்வதையும் சிக்கலை அலசுவதையும் கலக்காமல் இருப்பதுதான் இதில் முக்கியம். சில வாரத்துக்குள் குறித்த வேலையை முடிக்கச் சொல்லும் ஸ்க்ரமின் ‘ஸ்பிரின்ட்’ கெடுவை மட்டும் அப்படியே எடுக்க வேண்டாம். செல் வளர எடுக்கும் நாளை நம்மால் சுருக்க முடியாதே! பதிலாக, இந்த இரண்டு வாரத்தில் எந்தச் சந்தேகம் தீர வேண்டும் என்று பலகையில் எழுதி வையுங்கள்.